டி செல்லின் தயக்கம்

காலில் முள் தைத்துப் புண் சீழ் வைத்தால் இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்ளும். தொட்டால் வலிக்கும், நடந்தால் விண்விண்ணென்று தெறிக்கும். தொண்டைப் புண்ணுக்குத் தாடைக்குக் கீழே கட்டும். விரலில் பட்ட காயத்துக்கு அக்குளில் கட்டும். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம். கிருமி அங்கே இருக்க, உடம்பு இங்கே எதற்கு வீங்க வேண்டும்?

வீங்குபவை நிணநீர் முனைகள். உடம்பெங்கும் இப்படிச் சில நூறு இருக்கின்றன. சாதாரண நாளில் கைக்கு அகப்படாத அளவு சின்னவை. புண்ணிலிருந்து வடியும் நிணநீர் பக்கத்து முனை வழியாகத்தான் மேலே போயாக வேண்டும். டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் கூடும் இடமும் அதுதான். புண்ணில் நியூட்ரோஃபில் போன்ற செல்கள் முதல் நாளே வேலையில் இறங்கிவிடுகின்றன. டி செல்கள் இறங்குவதா வேண்டாமா என்பது மட்டும் புண்ணில் தீர்மானமாவதில்லை. அது முனையில், சாவகாசமாக நடக்கிற காரியம்.

நோயெதிர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும் நேராகப் போர்க்களத்துக்குப் போய்விடும். வெள்ளையணுக்கள் வீரர்கள், கிருமிகள் பகைவர்கள், கண்டதும் பாய்ச்சல். டி செல்லுக்கு இந்தப் படம் கொஞ்சமும் பொருந்தாது. தன் இலக்கு எதிரே வந்து நின்றாலும் அது சும்மா இருக்கும். சும்மா இருக்கத்தான் வேண்டும். அதன் பலம் நமக்குத் தெரிந்ததே. வேற்றாள் சிறுநீரகத்தைச் சில நாட்களில் அழித்துவிடக்கூடியது, சொந்தக் கணையத்தின் இன்சுலின் செல்களைக் கொன்று குழந்தைக்கு முதல் வகைச் சர்க்கரை நோயைக் கொடுக்கக்கூடியது. இவ்வளவு பலமுள்ள ஒன்றை உடம்பு லேசில் அவிழ்த்துவிடாது. அவசரப்பட்டு அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2006இல் லண்டனில் ஆறு பேர் அனுபவித்தார்கள். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்குமுன் அந்தச் செல் எதற்காக அவ்வளவு யோசிக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒவ்வொரு டி செல்லின் மேற்பரப்பிலும் ஆயிரக்கணக்கில் ஏற்பிகள் உண்டு. ஒரு செல்லில் இருப்பவை எல்லாம் ஒரே அச்சு. அடுத்த செல்லில் வேறு அச்சு. மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டு, ஒட்டுமிடத்தில் எழுத்துகளை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்து, உடம்பு இந்த ஏற்பிகளை உண்டாக்குகிறது. எந்தக் கிருமி வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் செய்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. குருட்டாம்போக்கில் செய்தால் நம்மையே குறி வைக்கும் ஏற்பியும் வரத்தானே செய்யும்? அதற்கான சல்லடை மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. அங்கே முளைக்கும் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அங்கேயே செத்துப்போகின்றன. இந்தச் சுரப்பியை நெடுநாள் வேலையற்ற உறுப்பாகவே நினைத்திருந்தார்கள். பிறந்த கையோடு தைமஸை எடுத்துவிட்ட எலிக்குட்டிகள் நோய்த்தொற்றில் மடிவதை 1961இல் ஜாக் மில்லர் காட்டிய பிறகே அதற்கு மதிப்பு வந்தது.

ஆனால் எந்தச் சல்லடைக்கும் ஓட்டை உண்டு. நம்மையே தாக்கக்கூடிய டி செல்கள் சில, ஆரோக்கியமான ஒவ்வொருவர் இரத்தத்திலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. பிற்பாடு வரும் கட்டுப்பாடுகளுக்கு இதுதான் காரணம்.

இனி முனைக்குள் போவோம். குறிப்பிட்ட ஒரு கிருமியின் குறிப்பிட்ட ஒரு துணுக்கை அடையாளம் காணக்கூடிய டி செல், லட்சத்தில் ஒன்று அல்லது பத்து லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். அது கால்விரல் புண்ணைத் தேடிக்கொண்டு உடம்பு முழுக்க அலைந்தால் எப்போது போய்ச் சேரும்? அதனால் செய்தி செல்லைத் தேடி வருகிறது. கொண்டுவருவது டென்ட்ரைட்டிக் செல். தோலிலும் சளிச்சவ்வுகளிலும் கிளைகிளையாகக் கைகளை நீட்டி உட்கார்ந்திருக்கும் இந்தச் செல்லை நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஸ்டைன்மேனும் ஸான்வில் கோனும் 1973இல் எலியின் மண்ணீரலில் கண்டார்கள். இப்படி ஒன்று தனியாக இருக்கிறது என்று சக ஆய்வாளர்களை நம்பவைக்க ஸ்டைன்மேன் பல வருடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2011இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பரிசுக் குழுவுக்குச் செய்தி எட்டியிருக்கவில்லை. இறந்தவருக்குப் பரிசு கிடையாது என்பது விதி. இருந்தும், உயிரோடிருக்கிறார் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு என்பதால் அது நிலைத்தது.

டென்ட்ரைட்டிக் செல் கிருமியை விழுங்கி, அதன் புரதங்களைத் துண்டுதுண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் எம்.எச்.சி. என்ற தன் மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டுகிறது. துண்டு என்பது எட்டுப் பத்து அமினோ அமிலம். இன்னொரு வகை எம்.எச்.சி.யில் இருபது வரை போகலாம். டி செல்லுக்கு முழுக் கிருமி கண்ணுக்கே தெரியாது. இப்படி எம்.எச்.சி.யில் ஏந்திய துண்டு மட்டும்தான் தெரியும். அதிலும் எம்.எச்.சி. தன்னுடைய உடம்பினுடையதாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டி என்ற கால்நடை மருத்துவரும் ரால்ஃப் சிங்கர்நாகல் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவரும் இதை 1974இல் வெளியிட்டார்கள். வைரஸ் தாக்கிய எலியின் டி செல்கள், அதே இன எலியின் வைரஸ் பிடித்த செல்களைக் கொன்றன. வேறு இன எலியின் செல்களில் அதே வைரஸ் இருந்தும் தொடவில்லை. ஆளுக்கு ஆள் எம்.எச்.சி. மாறுவதால்தான், உறுப்பு மாற்றத்துக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை இரத்தத்தை முதலில் சோதிக்கிறார்கள். முழுக்கப் பொருந்தும் வாய்ப்பு உடன்பிறந்தவர்களிடம் நாலில் ஒன்று.

டென்ட்ரைட்டிக் செல் நீட்டும் துண்டுகளில் பெரும்பாலானவை நம்முடைய சொந்தப் புரதங்களின் துண்டுகள். கிருமியினுடையவை மிகச் சொற்பம். சொந்தத் துண்டும் டி செல்லின் ஏற்பியில் ஒட்டும். ஆனால் ஒட்டிய வேகத்தில் கழன்றுவிடும். சரியான துண்டு சில வினாடி நிற்கும். இந்த நேர வித்தியாசத்தைத்தான் டி செல் அளக்கிறது. ஏற்பியில் ஏதாவது ஒட்டியதும் உள்ளே எல்சிகே என்ற நொதி பாஸ்பேட் குறிகளை ஒவ்வொன்றாகப் பதிக்க ஆரம்பிக்கும். குறிகள் போதுமான அளவு சேர்ந்தால்தான் ஸாப்-70 என்ற அடுத்த நொதி வந்து உட்கார்ந்து சேதியை மேலே அனுப்பும். நடுவில் துண்டு கழன்றுவிட்டால் குறிகள் அழிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை நடக்க எடுக்கும் தாமதமே பொய்யையும் மெய்யையும் பிரித்துவிடுகிறது. இந்தப் பொறிமுறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைந்ததில்லை. மூளையில்லாத ஒன்று, பொறுமையை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாக ஆள் பிடிக்கிறது.

உயிருள்ள எலியின் நிணநீர் முனைக்குள் லேசர் நுண்ணோக்கி வைத்துப் படம் பிடித்தவர்கள் இதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். முதல் எட்டு மணி நேரம் போல டி செல் ஒரு டென்ட்ரைட்டிக் செல்லைத் தொடும், விலகும், இன்னொன்றைத் தொடும், விலகும். அதன்பிறகுதான் ஒன்றிடம் ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய அரை நாள் அசையாமல் நிற்கும். அடுத்த நாள் பிடியை விட்டு, வேகமாக ஊர்ந்தபடி இரண்டாகப் பிரிய ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிரியும். ஒன்று சில நாட்களில் ஆயிரங்களாகும். இவ்வளவும் நடக்கும்போது முனைக்குள் வரும் வாசல் அகலத் திறந்து, வெளியே போகும் வாசல் தற்காலிகமாக மூடிக்கொள்கிறது. தொடை இடுக்கில் கையில் தட்டுப்படும் நெறி இந்தக் கூட்டம்தான்.

ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் செல்லுக்குள் நடப்பதில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், மற்றவை பெயர்ப்பட்டியல். ஏற்பியின் சேதி போனதும் செல்லுக்குள் கால்சியம் விறுவிறுவென்று ஏறும். அது கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்பும். கால்சிநியூரின், என்ஃபேட் என்ற புரதத்தின் பாஸ்பேட்டைக் கழற்றிவிட, என்ஃபேட் கருவுக்குள் நுழைந்து இன்டர்லூக்கின்-2 மரபணுவை முடுக்கும். இன்டர்லூக்கின்-2 இருந்தால்தான் டி செல் பெருகும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் காலையும் இரவும் நேரம் தவறாமல் போடும் டேக்ரோலிமஸ் மாத்திரை கால்சிநியூரினைத்தான் முடக்குகிறது. அதற்கு மூத்த மருந்தான சைக்ளோஸ்போரினுக்கும் அதுவே வேலை. நார்வே மேட்டுநிலத்து மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையில் கிடைத்த அந்தப் பொருள் நோயெதிர்ப்பை அடக்குகிறது என்று சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் 1972இல் கண்டார்கள். எதைப் பிடித்து அடக்குகிறது என்பது 1991இல்தான் தெளிந்தது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையே அதற்குள் உலகமெங்கும் பரவிவிட்டது. மருத்துவத்தில் காரணம் தெரிவதற்கு முன்பே காரியம் நடந்துவிடுவது சகஜம்.

சரி, துண்டு பொருந்தியது, கால்சியம் ஏறியது. செல் கிளம்பிவிடுமா? கிளம்பாது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையத்தில் மார்க் ஜென்கின்ஸும் ரொனால்ட் ஸ்வார்ட்ஸும் 1987இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. எலியின் மண்ணீரல் செல்களை ஒரு ரசாயனத்தில் போட்டு விறைக்கவைத்தார்கள். எம்.எச்.சி.யும் அது ஏந்திய துண்டும் அப்படியே இருக்கும். ஆனால் அந்தச் செல்லால் இனி எதையும் புதிதாகச் செய்ய முடியாது. இதைச் சரியான டி செல்லுக்குக் காட்டினார்கள். டி செல் பெருகவில்லை. அது எதிர்பார்க்கக்கூடியதுதான். பிறகு அதே டி செல்லுக்கு, விறைக்காத நல்ல செல்லில் அதே துண்டை வைத்துக் காட்டினார்கள். அப்போதும் பெருகவில்லை. துண்டை மட்டும் பார்த்து, கூடவே வரவேண்டிய இன்னொரு சேதி வராததால், அந்தச் செல் மேற்கொண்டு பதில் சொல்லும் திறனையே இழந்திருந்தது.

அந்த இன்னொரு சேதி சிடி28 என்ற ஏற்பி வழியாக வருகிறது. டி செல்லில் இருக்கும் சிடி28ஐ டென்ட்ரைட்டிக் செல்லில் இருக்கும் பி7 தொட வேண்டும். வங்கி லாக்கரைத் திறக்க நம் சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும் அல்லவா, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம்: லாக்கரில் ஒரு சாவியை மட்டும் போட்டால் திறக்காது, அவ்வளவுதான், டி செல்லிலோ அப்படிச் செய்தால் சாவித் துவாரமே அடைந்துபோகிறது. தைமஸின் சல்லடையில் தப்பி வந்த செல்களை உடம்பு இப்படித்தான் ஓசைப்படாமல் செயலிழக்க வைக்கிறது. சொந்தத் துண்டை எங்கோ அமைதியான திசுவில் சந்திக்கும், பி7 இருக்காது, அதோடு அதன் கதை முடியும்.

பி7 எப்போது வரும்? டென்ட்ரைட்டிக் செல் ஆபத்தை உணர்ந்தால் மட்டும். தடுப்பூசி செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் நெடுங்காலமாக இருந்தது. கிருமியின் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்துப் போட்டால் நோயெதிர்ப்பு கண்டுகொள்ளவே செய்யாது. கூடவே அலுமினிய உப்போ, செத்த பாக்டீரியாவோ சேர்த்தால் வேலை செய்யும். ஏன் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜேன்வே 1989இல் அந்தச் சங்கடத்தைப் பகிரங்கமாகப் போட்டு உடைத்து, ஒரு ஊகமும் சொன்னார்: கிருமிகளுக்கே உரிய பொதுவான வடிவங்களை உணரும் ஏற்பிகள் நம்மிடம் இருக்க வேண்டும், அவை தூண்டப்பட்டால்தான் இரண்டாவது சேதி பிறக்கும். எட்டு வருடத்தில் ருஸ்லான் மெட்சிட்டோவும் அவரும் மனித உடலில் அப்படியொரு டோல் வகை ஏற்பியைக் காட்டினார்கள். கொரோனா காலத்தில் நம்மில் பலர் போட்டுக்கொண்ட கோவேக்சினில் செத்த வைரஸோடு, 7, 8 எண்ணுள்ள டோல் ஏற்பிகளை உசுப்பும் ஒரு மூலக்கூறும் அலுமினிய உப்பில் ஏற்றிச் சேர்க்கப்பட்டிருந்தது. ஜேன்வே அதைப் பார்க்க இல்லை, 2003இலேயே காலமாகிவிட்டார்.

இப்போது லண்டன். ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் இருந்த டெஜெனரோ என்ற சிறு நிறுவனம், சிடி28ஐ நேரடியாகப் பிடித்து உசுப்பும் ஓர் எதிர்ப்புரதத்தை உருவாக்கியிருந்தது. பெயர் டி.ஜி.என். 1412. முதல் சாவி இல்லாமலே இரண்டாவது சாவியால் மட்டும் டி செல்லைத் திறக்கக்கூடிய வினோதப் பொருள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம், அவர்கள் நோக்கம் நியாயமானது. எலிகளில் இந்த வகை எதிர்ப்புரதம், மற்ற டி செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைத்தான் அதிகம் பெருக்கியது. முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு அது மருந்தாகும் என்று எதிர்பார்த்தார்கள். குரங்குகளுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. மனிதருக்கு அதில் ஐந்நூற்றில் ஒரு பங்கு, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று முடிவானது.

2006 மார்ச் 13. நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இருந்த ஒரு பரிசோதனைப் பிரிவு. ஆரோக்கியமான எட்டு இளைஞர்கள். இருவருக்கு வெறும் திரவம், ஆறு பேருக்கு மருந்து. பத்து நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று தெரிவதற்குள் கடைசி ஆளுக்கும் மருந்து இறங்கிவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குளிர் நடுக்கம், வாந்தி, பேதி. இரத்த அழுத்தம் சரிந்தது. இரத்தத்தில் டி.என்.எஃப். முதலான, அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன் புரதங்கள் அலையலையாக ஏறின. நள்ளிரவுக்குள் நுரையீரலும் சிறுநீரகமும் தடுமாறி ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவில். சோதித்தபோது இரத்தத்தில் டி செல்களே காணோம். எல்லாம் உசுப்பப்பட்டுத் திசுக்களுக்குள் புகுந்திருந்தன. மருத்துவர்கள் ஸ்டீராய்டைக் கொட்டினார்கள், இன்டர்லூக்கின்-2 ஏற்பியை அடைக்கும் எதிர்ப்புரதமும் கொடுத்தார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவருக்குக் கால்விரல்களும் கைவிரல் நுனிகளும் அழுகிப்போயின. டெஜெனரோ அதே ஆண்டு திவாலானது.

குரங்கிடம் காட்டாததை மருந்து மனிதனிடம் ஏன் காட்டியது? விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. முன்பு எப்போதோ கிருமியைச் சந்தித்து, நினைவோடு திசுக்களில் தங்கியிருக்கும் டி செல்கள் நம் உடம்பில் ஏராளம். மனிதரில் அவற்றின் சிடி4 வகை சிடி28ஐ வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குரங்கு இனத்தில் அது சிடி28ஐ உதிர்த்துவிடுகிறது. மருந்து பற்ற இடமே இல்லை. ஆய்வகத்து எலிகளோ சுத்தமான கூண்டில் வளர்பவை. நினைவு டி செல்கள் மிகக் குறைவு.

மனித இரத்தத்திலேயே சோதித்திருக்கலாமே என்றால், சோதித்தார்கள். சோதனைக் குழாயில் அது சாதுவாக இருந்தது. வூர்ட்ஸ்புர்க் ஆய்வாளர்கள் 2011இல் இதற்குச் சொன்ன காரணம் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. நிணநீர் முனைகளின் நெரிசலில் டி செல்கள் சுற்றியிருக்கும் செல்களின் சொந்தத் துண்டுகளை ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். அந்த உரசல் கிளப்பிவிடப் போதாது, ஆனால் விழிப்பாக வைத்திருக்கும். இரத்தத்தில் மிதக்கும்போது உரசல் இல்லை, செல் மந்தமாகிவிடுகிறது. நாம் ஊசியால் எடுப்பது இந்த மந்தமான செல்களை. அதே இரத்தச் செல்களை இரண்டு நாள் நெரிசலாக வைத்துவிட்டு மருந்தைச் சேர்த்தால் லண்டனில் நடந்தது குழாயில் நடக்கிறது. ஆக, முதல் சாவி இல்லவே இல்லை என்பதும் சரியில்லை. பாதி திரும்பிய நிலையில் அது எப்போதும் இருக்கிறது.

அதன்பின் புது மருந்தை ஒருவருக்குக் கொடுத்து, பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்தவருக்கு என்பது ஐரோப்பாவில் விதிமுறையானது. டி.ஜி.என். 1412ம் செத்துப்போகவில்லை. டி.ஏ.பி. 08 என்று பெயர் மாறி, லண்டன் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி ரஷ்யாவில் மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தச் சிற்றளவில் ஒழுங்குபடுத்தும் செல்கள் மட்டும் விழித்தன. சைட்டோகைன் புயல் எழவில்லை.

சிடி28இன் பாடம் புற்றுநோய் சிகிச்சையில்தான் பலித்தது. கிளம்பிய டி செல், சில நாளில் சிடிஎல்ஏ-4 என்ற தடையைத் தானே மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, பி7ஐச் சிடி28க்குக் கிட்டாமல் பறித்துக்கொள்கிறது. இந்தத் தடையை மறைத்தால் எலியின் கட்டிகள் கரைவதை ஜேம்ஸ் அலிசன் 1996இல் காட்டினார். 2011இல் அது மெலனோமா நோயாளிகளுக்கு மருந்தாக வந்தது. 2018இல் அவருக்கும், இதேபோன்ற இன்னொரு தடையைக் கண்ட டசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல். தடையை எடுத்தால் குடலும் தோலும் சேர்ந்து தாக்கப்படும் என்பது இந்த மருந்துகளின் தெரிந்த விலை.

இன்னொரு வழி, நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, புற்றுச் செல்லை நேராகப் பிடிக்கும் செயற்கை ஏற்பியைப் பொருத்தித் திருப்பி ஏற்றுவது: கார்-டி சிகிச்சை. முதலில் செய்த ஏற்பிகளில் முதல் சேதியை அனுப்பும் பகுதி மட்டும் இருந்தது. குழாயில் கொன்றன, உடம்புக்குள் போய்ச் சில நாளில் காணாமல்போயின. ஏற்பியின் உள்வாலில் சிடி28இன் துண்டையோ, அதே வேலை செய்யும் 4-1பிபியின் துண்டையோ ஒட்டிய பிறகுதான் மாதக்கணக்கில் நிலைத்தன. 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி சிகிச்சை, பம்பாய் ஐஐடியும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் வளர்த்தெடுத்த நெக்ஸ்கார்19. அதிலும் 4-1பிபி இருக்கிறது.

இரண்டு சேதியையும் ஒரே ஏற்பியில் கட்டிக்கொடுத்துவிட்டால் யோசிக்க டி செல்லுக்கு அவகாசம் ஏது? கார்-டி ஏற்றிக்கொண்டவர்களில் கணிசமானவர்களுக்கு முதல் வாரத்தில் காய்ச்சல் ஏறுகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. லண்டனில் எழுந்த அதே புயல். 2012இல் ஃபிலடெல்பியாவில் ஒரு சிறுமி அதில் சிக்கிச் சாவின் விளிம்புக்குப் போனபோது, இன்டர்லூக்கின்-6 ஏறியிருப்பதைக் கண்டு, முடக்குவாதத்துக்குப் பயன்படும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் தேறினாள். 2017இல் முதல் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி தந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. செல்களை ஏற்றும் முன் ஒவ்வொரு நோயாளிக்கும் குறைந்தது இரண்டு டோஸ் டோசிலிசுமாப் மருத்துவமனையில் கையிருப்பாக இருக்க வேண்டும் என்பது அது.